'ஃபாலன்' வரிசையை முதன்முறை வாசிக்கப் போகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது

விழுந்த தேவதூதர்களைப் பற்றி லாரன் கேட் ஆங்கிலத்தில் எழுதிய இளையோர் நாவல் வரிசை 'ஃபாலன்'. அதை எடுத்துவிட்டுப் பாதியில் வைத்துவிடுகிறவர்கள் இரண்டு இடங்களில் வைத்துவிடுகிறார்கள். ஒன்று, முதல் நூலின் நூறாவது பக்கத்தை ஒட்டி: 'இவ்வளவு பக்கம் போயும் ஒன்றும் நடக்கவில்லையே' என்று. இன்னொன்று, மூன்றாம் நூலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நாடும் நூற்றாண்டும் மாறத் தொடங்கும்போது: 'இப்போது எங்கே இருக்கிறோம்' என்று. இரண்டு இடத்திலும் வாசகரைத் தடுக்கி விழவைப்பது ஒரே கல்தான். இந்தக் கதையில் நாயகியைத் தவிர ஏறக்குறைய எல்லோருக்கும் உண்மை தெரியும், அவளிடம் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அந்த இருட்டில் அவளோடு நடக்கத் தயாராக இருந்தால் வரிசை முழுவதும் கைவசப்படும். முன்கூட்டியே விளக்கைப் போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு பள்ளிக்கூடக் காதல் கதை மட்டும். இந்த வழிகாட்டி அந்த விளக்கை அணைத்து வைத்துக்கொண்டே வாசிப்பது எப்படி என்பதற்காக.

நாயகியின் பெயர் லூசிண்டா பிரைஸ். நூலில் எல்லோரும் 'லூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சுருக்கம் தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும் என்பதால் இங்கே லூசிண்டா என்றே எழுதுகிறோம். 'ஒளி' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த பெயர் அது. இந்த வரிசையில் பெயர்கள் சும்மா வைக்கப்படவில்லை என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வையுங்கள்.

எந்த வரிசையில்

முதன்மையான நூல்கள் நான்கு: 'ஃபாலன்' (2009), 'டார்மென்ட்' (2010), 'பேஷன்' (2011), 'ரேப்சர்' (2012). இவற்றோடு ஒட்டியவை மூன்று. 'ஃபாலன் இன் லவ்' (2012) நான்கு காதலர் தினக் கதைகளின் தொகுப்பு. 'ஏஞ்சல்ஸ் இன் தி டார்க்' (2013) சிறுகதைகள். 'அன்ஃபர்கிவன்' (2015) கேம் என்ற பாத்திரத்தை மையமாக வைத்த தனி நாவல்.

வெளிவந்த வரிசையிலேயே வாசியுங்கள். 'ஃபாலன் இன் லவ்' மட்டும் ஆண்டுக் கணக்கில் குழப்பும், ஏனென்றால் அதுவும் 'ரேப்சர்' நூலும் ஒரே ஆண்டு. அது ஜனவரியில் வந்தது, 'ரேப்சர்' ஜூனில். ஆகவே மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அதற்கு இடம். அதன் கதைகள் மூன்றாம் நூலின் காலப்பயணத்தோடு பின்னியவை என்பதால், முன்னாலேயே எடுத்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. 'அன்ஃபர்கிவன்' நான்காம் நூலுக்குப் பிறகு மட்டுமே. கேம் மீது ஆசைப்பட்டு அதை முதலில் எடுப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். நான்கு நூல்களாகக் கட்டிய முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதை அதன் பின்னணியே சொல்லிவிடும்.

'கதைக்காலப்படி வாசித்தால் தெளிவாக இருக்குமே' என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கதையில் கிறிஸ்துவுக்கு முந்தைய எகிப்தும் வரும், இன்றைய அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலமும் வரும். காலப்படி அடுக்கினால் முதல் நூலின் மர்மம் முதல் நாளே செத்துவிடும்.

வாங்கும்போது

எழுதியவர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். தலைப்பை மட்டும் நம்ப வேண்டாம். 'ஃபாலன்' என்ற சொல்லோடு தேவதூதர் கதைகள் பல இருக்கின்றன. தாமஸ் ஸ்னிகோஸ்கி 2003இல் தொடங்கிய 'தி ஃபாலன்' என்ற இளையோர் வரிசையும் விழுந்த தேவதூதர்களைப் பற்றியதே. இரண்டாம் கைக் கடையில் 'டார்மென்ட்', 'பேஷன்' என்ற தலைப்புகளைத் தேடினால் வேறு எழுத்தாளர்களின் நூல்கள் கைக்கு வரும். லாரன் கேட்டின் முதல் நூலுக்குப் பரவலாகக் கிடைக்கும் அட்டையில், கறுப்புக் கவுன் போட்ட பெண் ஒருத்தி இரு கைகளாலும் முகத்தை மூடி நிற்பாள். படம் வந்தபின் நடிகர்களின் முகம் போட்ட அட்டையும் வந்தது. உள்ளே கதை ஒன்றுதான்.

நான்கையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதல் இரண்டு போதும். இரண்டாம் நூலை முடித்தபின்தான் உங்களுக்கு இது பிடிக்கிறதா இல்லையா என்று சரியாகத் தெரியும், முதல் நூல் முடிந்ததும் அல்ல. காரணம் கீழே வருகிறது.

கிண்டிலில் வாசித்தால் 'எக்ஸ்-ரே' வசதியைத் தொடாதீர்கள். பாத்திரத்தின் பெயரை அழுத்தினால் அவர் யார் என்று ஒரு குறிப்பு காட்டும் வசதி அது. வேறு நாவல்களுக்கு உதவும். இங்கே 'யார் யார்' என்பதுதான் கதையே. இணையத்தில் பெயரைத் தட்டித் தேடுவதிலும் அதே ஆபத்து: பெயரை முழுதாக அடிப்பதற்குள், அவர் எந்தப் பக்கம், உயிரோடு இருக்கிறாரா என்பதைத் தேடல் பெட்டியே நீட்டிவிடும். பெயர் மறந்துபோனால் பத்துப் பக்கம் பின்னால் புரட்டுங்கள்.

ஆரம்பிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அதிகம் வேண்டாம். ஆனால் பைபிளின் நான்கு வசனங்களைத் தெரிந்துகொண்டு போனால் வாசிப்பு ஒரு சுற்று ஆழமாகும். ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்கள் அவை. தேவகுமாரர்கள் மனிதப் பெண்களின் அழகைக் கண்டு அவர்களைத் தேர்ந்துகொண்டார்கள் என்று ஒரு வரி, அந்த நாளில் பூமியில் இராட்சதர்கள் இருந்தார்கள் என்று இன்னொரு வரி. தமிழ் வேதாகமத்தில் 'இராட்சதர்' என்று இருக்கும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் 'நெஃபிலிம்'. 'ஃபாலன்' வரிசையின் இரண்டாம் நூலில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அங்கே அவர்கள் பூதாகாரமான இராட்சதர்கள் அல்ல, தேவதூத இரத்தம் கலந்த பள்ளிப் பிள்ளைகள்.

அந்த நான்கு வசனங்களை விரித்து எழுதிய பழைய நூல் ஒன்று உண்டு: ஏனோக்கின் புத்தகம். இருநூறு தேவதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி, சபதம் எடுத்துக்கொண்டு, மனிதப் பெண்களை மணந்தார்கள் என்று அது சொல்கிறது. எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில்தான் அது முழுதாகப் பிழைத்திருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அதை வேதாகமத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறது. சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் அதன் அரமேயத் துண்டுகளும் கிடைத்தன. இறங்கிவந்த அந்தத் தூதர்களுக்கு 'விழித்திருப்போர்' என்று பெயர். கிரேக்கத்தில் அந்தச் சொல் 'எக்ரேகோரோய்'. அதன் வழியில் வந்ததுதான் 'கிரிகோரி'.

கதையின் நாயகன் பெயர் டேனியல் கிரிகோரி. தமிழ் வேதாகமத்தில் தானியேல் 4ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், வானத்திலிருந்து இறங்கிவரும் ஒரு 'காவலாளன்' வருவான். விழித்திருப்போன் என்ற அதே அரமேயச் சொல்லைத்தான் அங்கே 'காவலாளன்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். தானியேல் என்ற பெயரும் கிரிகோரி என்ற குடும்பப் பெயரும் ஒரே ஆளுக்கு வாய்த்திருப்பதன் பின்னணி இது. இதை முன்பே தெரிந்துகொள்வதால் கதை கெடாது. 'தேவதூதர் கதை' என்று தெரிந்துதானே நூலை எடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. கிறிஸ்தவத்தின் பெரும்பான்மை மரபு இந்த வாசிப்பை ஏற்கவில்லை. திருச்சபைத் தந்தையான அகஸ்டின் அந்த 'தேவகுமாரர்கள்' ஆதாமின் மகன் சேத்தின் வம்சத்து மனிதர்கள்தான் என்று எழுதினார். பரலோகத்தில் தூதர்கள் பெண் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை என்பது சுவிசேஷம். ஞாயிறு பள்ளியில் படித்த தேவதூதரியலை வைத்து இந்த நாவலை அளக்க முயன்றால் ஒவ்வொரு அத்தியாயமும் இடிக்கும். லாரன் கேட் எடுத்துக்கொண்டது ஓரத்தில் ஒதுக்கப்பட்ட பழைய மரபை. அப்படி ஓரத்தில் நின்ற பழைய மரபுகளில், கடவுள் பக்கமும் சேராமல், அவரை எதிர்த்த லூசிஃபர் பக்கமும் சேராமல் நின்ற தூதர்களுக்கும் இடம் உண்டு. இத்தாலியக் கவி தாந்தே தம் காவியத்தில் நரகத்தின் வாசலிலேயே அவர்களை நிறுத்திவைத்தார். இந்தக் கடைசிச் செய்தியை ஒரு மூலையில் முடிந்து வையுங்கள், பயன்படும்.

முதல் நூல்: முன்னுரையை இரண்டு முறை

1854 செப்டம்பர், இங்கிலாந்தின் ஹெல்ஸ்டன் என்று தலைப்போடு ஒரு முன்னுரை வரும். நள்ளிரவு. ஓர் இளைஞன் ஒரு பெண்ணின் முகத்தை வரைந்துகொண்டிருக்கிறான். அவளிடம் சொல்லாமல் ஊரைவிட்டுப் போக நினைக்கிறான். அவள் வந்து நிற்கிறாள். சில பக்கங்கள்தான். ஒரு முறை வேகமாகவும், உடனே இன்னொரு முறை நிதானமாகவும் வாசியுங்கள். அவன் பயப்படுவது எதற்கு? அவளை வெறுக்கிறானா, காப்பாற்ற நினைக்கிறானா? விடை தேட வேண்டாம், கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பக்கத்தில் இன்றைய ஜார்ஜியா மாநிலத்தின் சவானா. 'ஸோர்ட் அண்ட் கிராஸ்' என்ற சீர்திருத்தப் பள்ளி. பழைய பள்ளியில் படித்தபோது நடந்த ஒரு தீ விபத்தில் ஒரு பையன் இறந்துபோக, அந்தச் சந்தேகம் மேலே கவிந்த நிலையில் பதினேழு வயது லூசிண்டாவைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கைப்பேசியைப் பறித்துக்கொள்கிறார்கள். சேர்க்கும் இடத்தில் பணியாளர் மூன்று சொல்லை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்: மெட்ஸ், பெட்ஸ், ரெட்ஸ். மருந்து, படுக்கை, சிவப்பு. 'சிவப்பு' என்பது மூலைக்கு மூலை சிமிட்டும் கண்காணிப்புக் கேமராக்களின் விளக்கு. அமெரிக்கப் பள்ளிச் சொற்கள் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். இது சிறையும் அல்ல, மருத்துவமனையும் அல்ல, சாதாரண விடுதியும் அல்ல, மூன்றும் கலந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

லூசிண்டா சிறுவயதிலிருந்தே நிழல்களைப் பார்ப்பவள். அவளை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதனால் தன் கண்ணையே நம்பப் பயப்படுகிறாள். முதல் நூலின் மந்தத்துக்கு இதுவே நியாயம். தன் கண்ணை நம்பாத பெண் எதையும் சட்டென்று முடிவுகட்ட மாட்டாள். முதல் 150 பக்கங்களில் கதை நகர்வதைத் தேடாதீர்கள், மற்றவர்களின் முகத்தைத் தேடுங்கள். டேனியலை முதன்முதலில் முற்றத்தின் மறுபக்கம் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்த்துப் புன்னகைக்கிறான். அடுத்த நொடி நடுவிரலைக் காட்டுகிறான். அந்தப் புன்னகையிலும் விரலிலும் முன்னுரையின் கேள்வி அப்படியே இருக்கிறது. சக மாணவி ஏரியன், லூசிண்டா வந்த முதல் நாளே அவளிடம் சலுகையாகப் பழகி, தன் முடியை வெட்டிவிடச் சொல்கிறாள். இன்னொரு மாணவி மாலி, லூசிண்டாவைப் பார்த்த உடனே பகைக்கிறாள். முன்பின் தெரியாதவர்கள் இப்படி நடப்பார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள்.

இதற்கு ஒரு துண்டுத்தாள் வேண்டும். புத்தகத்துக்குள் அடங்குகிற அளவில், நான்காக மடித்த ஒரு வெள்ளைத்தாள் போதும். மூன்று வகைக் குறிப்பு மட்டும் எழுதுங்கள்: யாராவது லூசிண்டாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிய பக்க எண், நிழல்கள் வந்த பக்க எண்ணும் அதற்குப் பிறகு நடந்ததும், குடும்பம், மதம் பற்றி வரும் குறிப்புகள். மூன்றாவது அற்பமாகத் தோன்றும். லூசிண்டா எந்தச் சமயச் சடங்கும் இல்லாமல் வளர்ந்தவள் என்பது முதல் நூலின் கடைசிப் பகுதியில் உயிர்ப் பிரச்சினையாக மாறும்போது, அந்தத் துண்டுத்தாள் எதற்கு என்று தெரியும்.

பக்கக் கணக்கு: ஒவ்வொரு நூலும் நானூறு பக்கத்தைத் தாண்டும். முதல் 60 பக்கங்களை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள், பிறகு நாளுக்கு 30. இரண்டு வாரத்தில் நூல் முடியும். நாளுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்தால் மந்தமான முதல் பாதியே இரண்டு, மூன்று வாரம் இழுக்கும், அங்கேதான் விட்டுவிடத் தோன்றும். மின்னூலில் சதவீதத்தைப் பார்த்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: சில பதிப்புகளின் கடைசியில் அடுத்த நூலின் தொடக்கத்தை ஒட்டியிருப்பார்கள். இன்னும் கொஞ்சம் பாக்கி என்று நினைக்கும்போதே கதை முடிந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் அகராதி பார்க்க வேண்டாம். திரும்பத் திரும்ப வருவதை மட்டும் பாருங்கள். 'ட்ரூஸ்' என்றால் தற்காலிகப் போர்நிறுத்தம், இரண்டாம் நூல் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. 'ரெலிக்' என்பது புனிதப் பொருள், நான்காம் நூலில் வரும். மூன்றாம் நூலில் 'கார்காயில்' ஒன்று வரும்: ஐரோப்பியத் தேவாலயக் கூரை விளிம்பில் மழைநீரைத் துப்பும் கல் உருவம். நம் கோயில்களில் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகையை நினைத்துக்கொள்ளுங்கள், முகம் மட்டும் கோரமாக இருக்கும்.

இரண்டாம் நூல்: கோபப்படும் உரிமை

'டார்மென்ட்' கலிஃபோர்னியாவின் வடக்குக் கடற்கரைக்கு நகர்கிறது. ஷோர்லைன் என்ற பள்ளி. சவானாவின் இருட்டுக்குப் பிறகு வெளிச்சம், கடல், நல்ல சாப்பாடு. தூதர்களின் இரு தரப்புக்கும் நடுவே பதினெட்டு நாள் போர்நிறுத்தம் நடக்கிறது. அந்த நாட்களில் டேனியல் விலகியிருக்க வேண்டும், லூசிண்டா வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஏன் என்று கேட்டால், உன் நல்லதுக்குத்தான் என்கிறார்கள்.

வரிசையின் மீது வரும் பெரிய குற்றச்சாட்டு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நூலின் டேனியல் ஒரு நாள் நெருங்குகிறான், மறுநாள் உதாசீனம் செய்கிறான், எதையும் சொல்லாமல் அவளுக்காகத் தானே முடிவெடுக்கிறான். இதைக் காதலின் இலக்கணமாக எடுத்துக்கொள்ளும் இளம் வாசகர்கள் உண்டு. முதல் நூலோடு நிறுத்தினால் அந்தத் தவறான பாடம்தான் மிஞ்சும். இரண்டாம் நூலில் லூசிண்டா அதே கேள்வியைக் கேட்கிறாள்: நான் யார் என்று தெரியாமல் எதை நம்பி உன்னை நேசிப்பது? பலருக்கு அவள் இந்த நூலில் அடம்பிடிப்பவளாகத் தெரிகிறாள், விதியை மீறி வம்பில் மாட்டுகிறாள் என்று எரிச்சல் வருகிறது. எங்கள் கணிப்பில் இது நியாயமான அடம். உண்மையை மறைத்துவிட்டுக் கீழ்ப்படிதலை மட்டும் கேட்டால் யாராக இருந்தாலும் மீறத்தான் செய்வார்கள். முதல் நூலில் எழுதிய துண்டுத்தாளை இங்கே எடுத்து, பேச்சை மாற்றிய பக்கங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அவள் கோபத்தின் கணக்கு அதில் இருக்கிறது.

முதல் நூலில் வெறும் நிழலாக வந்தவை இங்கே 'அனவுன்சர்கள்' என்ற பெயரும் வேலையும் பெறுகின்றன. கடந்த காலத்தின் துண்டுகளைச் சுமப்பவை அவை. இந்த விதியை வகுப்பறைக் காட்சிகளில்தான் சொல்கிறார்கள். அந்தக் காட்சிகளைத் தாண்டிக் குதித்தால் மூன்றாம் நூல் பூட்டியே கிடக்கும்.

மூன்றாம் நூல்: தேதியைப் படியுங்கள்

'பேஷன்' நூலில் அத்தியாயத் தலைப்புக்குக் கீழே ஊரும் தேதியும் போட்டிருக்கும். பலர் அதைக் கண்ணால் தடவிவிட்டுப் போவார்கள். குழப்பத்தின் காரணம் அதுவே. புதிய தாள் ஒன்றில் நெடுக்காக இரண்டு கட்டம் போடுங்கள், ஒன்று லூசிண்டா, மற்றது டேனியல். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு வரி. லூசிண்டா முன்னே போகிறாள், டேனியல் அவளைத் தேடிப் பின்னே வருகிறான். பெரும்பாலும் காலத்தில் பின்னோக்கிப் போகிறார்கள், ஆனால் நேர்கோட்டில் அல்ல. அவள் விட்டுப்போன இடத்துக்கு அவன் தாமதமாக வந்துசேர்வதும், வேறெங்கோ போய் நிற்பதும் இந்தத் தாளில்தான் தெளிவாகத் தெரியும்.

தேதிகளுக்குப் பின்னே வரலாறு இருக்கிறது. 1941 அக்டோபர் 15, மாஸ்கோ என்று ஓர் அத்தியாயம் தொடங்கும். ஜெர்மன் படை நெருங்கிவிட்டதால் அரசு அலுவலகங்களை நகரத்தைவிட்டு வெளியேற்ற ஸ்டாலின் உத்தரவிட்ட நாள் அது. இன்னோர் அத்தியாயம் 1613 ஜூன் 29, லண்டன். அன்றுதான் ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கில் நாடகத்துக்காக வெடித்த பீரங்கியின் பொறி கூரை வேய்ந்த புல்லில் பற்றி அரங்கமே எரிந்து போனது. தேதியைத் தெரிந்துகொண்டு அந்த அத்தியாயத்துக்குள் போகிறவருக்கு, மேடையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிசையும். முதல் நூலில் நெருப்பு எங்கெல்லாம் வந்தது என்பதும் அப்போது நினைவுக்கு வரும்.

மறுபிறவிக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நூலில் ஒரு வசதியும் ஒரு வழுக்கலும் உண்டு. 'போன ஜென்மத்துப் பந்தம்' என்ற எண்ணம் நமக்குப் பழகியது, அதனால் பிறருக்கு முன்பே ஊகித்துவிடுவோம். வழுக்கல் என்னவென்றால், நாம் கர்மவினையைத் தேடுவோம்: போன பிறவியில் இவள் என்ன தப்பு செய்தாள் என்று. இங்கே அந்தக் கணக்கு இல்லை. இது வினைப்பயன் அல்ல, ஒரு சாபம். சாபத்தை இட்டவர் யார், ஏன் என்பதுதான் கேள்வி. ஊழ்வினை என்று ஒதுங்காமல், இட்டவரைத் தேடும் கண்ணோடு வாசியுங்கள்.

ஹெல்ஸ்டன் 1854 மறுபடியும் வரும். அந்த இடம் வந்ததும் மூன்றாம் நூலை மடித்து வைத்துவிட்டு, முதல் நூலின் முன்னுரையை ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்புங்கள். பத்து நிமிட வேலை. இந்த வரிசையில் நீங்கள் செலவழிக்கும் பத்து நிமிடங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

'ஃபாலன் இன் லவ்' இதற்கடுத்து. ஷெல்பி–மைல்ஸ் (ஷோர்லைன் பள்ளித் தோழர்கள்), ரோலண்ட் (முதல் பள்ளியில் வரும் டேனியலின் நண்பன்), ஏரியன், லூசிண்டா–டேனியல் என்று நான்கு கதைகள், இடைக்கால இங்கிலாந்தின் காதலர் தினத்தில் நடப்பவை. அவசரமானவர்கள் ரோலண்ட், ஏரியன் கதைகளை மட்டுமாவது வாசியுங்கள். முதன்மை நூல்களில் ஓரமாக நிற்கும் இந்த இருவரும் இதில்தான் வாய் திறந்து பேசுகிறார்கள். 'ஏஞ்சல்ஸ் இன் தி டார்க்' ஆசைப்பட்டவர்களுக்கு, விட்டாலும் நஷ்டமில்லை.

நான்காம் நூலும் அதற்கப்பாலும்

'ரேப்சர்' ஒன்பது நாள் கெடுவில் ஓடும் கதை. தேவதூதர்கள் விண்ணிலிருந்து விழ ஒன்பது நாளாயிற்று என்று ஆங்கிலக் கவி மில்டன் தம் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் எழுதிவைத்த கணக்கு இது. மூன்று புனிதப் பொருள்களைத் தேடி வெனிஸ், வியன்னா, அவிஞான் என்று அலைகிறார்கள். வேகமான நூல், வேகமாகவே வாசிக்க வேண்டும். நாளுக்கு 50 பக்கம் வைத்தால் பாத்திரங்களோடு சேர்ந்து நீங்களும் ஒன்பது நாளில் முடிப்பீர்கள். நடுப்பகுதியில் தேடல் கொஞ்சம் சுற்றிச்சுற்றி வருவது உண்மைதான். முடிவைப் பற்றி வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். முடித்த அன்றே மற்றவர்களின் கருத்தைத் தேடிப் போகாதீர்கள். துண்டுத்தாள்களை எடுத்து வைத்து, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு உங்களுக்கான விடை கிடைத்ததா என்று முதலில் நீங்கள் பாருங்கள்.

'அன்ஃபர்கிவன்' கேமுக்கும் அவன் காதலித்த லிலித்துக்கும் உரியது. லூசிஃபரோடு ஒரு பந்தயம், பதினைந்து நாள் கெடு. முதல் நூலில் கேமை வில்லன் என்று தீர்த்துவிட்டவர்கள் இதை வாசிக்காமல் விடக் கூடாது. எழுத்தாகவும் இது முதல் நூலைவிடக் கட்டுக்கோப்பானது.

படம்: ஸ்காட் ஹிக்ஸ் இயக்கி 2016இல் வெளிவந்தது, முதல் நூலை மட்டும் தொட்டது, தொடர்ச்சி வரவில்லை. மெதுவாகக் கட்டிய மர்மத்தை ஒன்றரை மணி நேரத்தில் அவிழ்க்க வேண்டியிருப்பதால், லூசிண்டாவின் தயக்கம்தான் முதலில் பலியாகிறது. 2024இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இரண்டையும் நான்கு நூல்களுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற பெற்றோருக்கு: பதினான்கு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். முத்தத்துக்கு மேல் வெளிப்படையான காட்சி இல்லை. ஆனால் தீ, கொலை, நெருங்கியவரின் சாவு, மனநல மாத்திரை பற்றிய பேச்சு எல்லாம் உண்டு. தூதர்கள், லூசிஃபர், சாபம் என்று வருவதால் இது வேத விளக்கம் அல்ல, கற்பனை என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. டேனியல் செய்வது சரியா என்று இரண்டாம் நூல் முடிந்ததும் பிள்ளையிடம் கேளுங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

நான்கையும் முடித்துவிட்டு இன்னும் பசி இருந்தால், உங்களுக்கு எது பிடித்தது என்பதைப் பொறுத்து அடுத்ததை எடுங்கள். ஆபத்தான நாயகன் பிடித்திருந்தால் பெக்கா ஃபிட்ஸ்பேட்ரிக்கின் 'ஹஷ், ஹஷ்' (2009), மெயின் மாநிலத்தில் நடக்கும் நான்கு நூல் வரிசை. தூதரின் கடமைக்கும் ஆசைக்கும் நடுவிலான இழுபறி பிடித்திருந்தால் சிந்தியா ஹேண்டின் 'அன்எர்த்லி' (2011). அதில் பெண்ணுக்குத்தான் தேவதூத இரத்தம், அவளிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை என்று தொடங்கி, பிறகு மறைத்தது தெரியவரும். காதல் குறைவாக, அழிவும் பசியும் அதிகமாக வேண்டுமென்றால் சூசன் ஈயின் 'ஏஞ்சல்ஃபால்' (2011). அதில் தேவதூதர்கள் உலகத்தை நொறுக்க வந்தவர்கள், நாயகி தன் தங்கையைத் தேடிப் போகிறாள். துண்டுத்தாளை அதற்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.